அக்காவின் தொண்டையும் என் வைத்தியமும்

1

போன வாரம் என் மகளின் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று, தன் தகப்பன் என்ன வேலை செய்கிறார் என்று சொல்ல வேண்டுமாம். ஒருத்தியின் அப்பா ரயில் ஓட்டுகிறார். இன்னொருவனின் அப்பா இறைச்சிக்கடை வைத்திருக்கிறார். என் மகள் எழுந்து, "என் அப்பா கதைக்காமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறார்" என்று நல்ல சுத்தமான ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். ஆசிரியை அதை என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தாராம். மனைவி சிரிக்கவில்லை.

"அந்தச் சம்பளத்தை நானும் தாறன். வீட்டிலையும் கொஞ்சம் கதைக்காமல் இருங்கோவன்" என்றாள்.

இந்த மாதத்தோடு நான் இங்கிலாந்துக்கு வந்து பத்து வருடம். ஊர்க்காரர் எவரைக் கண்டாலும் என் வேலை என்ன என்று கேட்கிறார்கள். நானும் ஆளுக்கொரு பதில் சொல்லித் தப்பி வந்திருக்கிறேன். ஊரில் என் தகப்பனார், எங்கள் ஐயா, குடியேற்றக் கொலனி முழுக்க என்னை டொக்டர் என்று சொல்லி வைத்திருக்கிறார். அம்மா, "விசர் ஆஸ்பத்திரியிலை பெரிய உத்தியோகம்" என்று சொல்லி, 'விசர்' என்ற சொல்லை மட்டும் மெல்ல விழுங்கிவிடுவார்.

உண்மை இதுதான். மனநோய் ஆஸ்பத்திரியில் தாதி வேலை பழகக் கப்பலேறினேன். பிறகு இந்த வடக்குப் பக்கத்து ஊரில் ஒரு சின்னச் சிகிச்சை நிலையத்தில் சேர்ந்தேன். மனக்கஷ்டப்பட்டவர்கள் வந்து ஒரு கதிரையில் இருப்பார்கள். நான் எதிர்க் கதிரையில் இருப்பேன். அவர்கள் கதைப்பார்கள். நான் "ம்" என்பேன். இதற்குச் சம்பளம் உண்டு, ஓய்வூதியமும் உண்டு.

என்னை அறிந்தவர்கள் இதை நம்பப் போவதில்லை. எங்கள் கொலனியில் ஒருவர் தலையிடி என்று சொல்லி முடிக்குமுன் நாலு பேர் நாலு மருந்து சொல்லுவார்கள். ஐந்தாவது ஆள், தலையிடி வந்ததற்கு அவரையே ஏசிவிட்டுப் போவார். நான் அந்த ஐந்தாவது ஆளின் பரம்பரை.

2

எனக்கு வேலை பழக்கியவர் மிஸிஸ் வில்மட். கம்பளிச் சட்டையும் மூக்குக்கண்ணாடியுமாக இருக்கும் விதவை. மனிதரின் துன்பம் அவர்களுக்கே தெரியாத ஆழத்திலிருந்து வருகிறது, நாம் வாயை மூடிக்கொண்டு இடம் கொடுத்தால் அது தானாக மேலே வரும் என்பது அவருடைய நம்பிக்கை. உளவியக்க முறை என்று தமிழில் சொல்லலாமோ தெரியவில்லை. எனக்கு அந்த முறையில் துளியும் மதிப்பு இருக்கவில்லை. வருகிறவருக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்புவது என்ன வைத்தியம்? பச்சைத் தண்ணீராவது கொடுக்க வேண்டாமா?

எனக்குப் பிடித்தது அப்போது புதிதாக வந்துகொண்டிருந்த பழக்கி எடுக்கும் முறை. ஒருவருக்கு ஒன்றைக் கண்டு பயம் என்றால் முதலில் அதன் படத்தைக் காட்டு, பிறகு தூரத்தில் காட்டு, பிறகு கிட்டக் கொண்டுபோ. படிப்படியாகப் பயம் போய்விடும். கையோடு பலன் தெரிகிற வேலை.

புறாவைக் கண்டால் நடுங்குகிற ஒரு வங்கி உத்தியோகத்தர் எனக்குக் கிடைத்தார். படத்தில் தொடங்கி, பூங்காவில் அவர் கையாலேயே புறாவுக்குப் பாண் துண்டு போட வைத்துவிட்டேன். அன்றைக்கு என் நடையே வேறு. அடுத்த மாதம் அவருக்குத் தபால் பெட்டியைக் கண்டால் பயம் என்றார். அதையும் தீர்த்தேன். பிறகு தேவாலய மணி. இப்படியே போனால் ஊரில் உள்ள சாமான் எல்லாவற்றுக்கும் நான் அவரைப் பழக்க வேண்டி வரும்போல இருந்தது.

மிஸிஸ் வில்மட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மிஸ்டர் செல்வா, நீங்கள் இதுவரைக்கும் புறாவுக்கு நல்ல வைத்தியம் செய்திருக்கிறீர்கள். அந்த மனிதர் இன்னும் வெளியே காத்துக்கொண்டிருக்கிறார்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. சரி, இவரின் முறையைச் செய்து தோற்றுக் காட்டுவோம் என்று வீம்புக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். சில கிழமைகளில் அந்த மனிதர் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். வீட்டுக் கூரையில் புறா வளர்த்த தம்பி. யுத்தத்துக்குப் போனவன் திரும்பவில்லை. செய்தி தபாலில் வந்த நேரம் தேவாலய மணி அடித்துக்கொண்டிருந்ததாம். சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். அது முறையில் கிடையாது. அதன் பிறகு அவர் புதிதாக ஒன்றுக்கும் பயப்படவில்லை.

அவர் கடைசியாகப் போகும்போது எங்கள் வழக்கப்படி "போய்விட்டு வாருங்கள்" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். பாவம், வெளியே ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து கதவைத் தட்டினார்.

இன்னொரு நாள் மிஸிஸ் வில்மட், நோயாளி தன்னை அறியாமலே உங்களைத் தகப்பனாகவோ தமையனாகவோ நினைத்து நடக்கத் தொடங்குவார், அதை அவதானிக்க வேண்டும் என்று பெரிய இரகசியம்போலச் சொன்னார். எங்கள் ஊரில் பஸ் கொண்டக்டர் அண்ணை, தபால்காரர் தம்பி, கறிவேப்பிலை கேட்டு வருகிறவர் மாமி. எல்லாரையும் பகிரங்கமாகவே அப்படித்தான் வைத்திருக்கிறோம் என்றேன். "அப்படியானால் சண்டைகளும் சொந்தக்காரச் சண்டைகளாகத்தானே இருக்கும்?" என்று கேட்டார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று யோசித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

3

ஆனாலும் ஒரு வங்கி உத்தியோகத்தரை வைத்து முழு முறையையும் ஏற்றுக்கொள்ள நான் ஆயத்தமில்லை. என்னை ஏற்க வைத்தது என் சொந்த அக்காதான்.

சில வருடங்களுக்கு முன், சேர்த்து வைத்த விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். கிளிநொச்சியிலிருந்து ஸ்கந்தபுரத்துக்குப் போகிற பாதையில் உள்ள கொலனியில் எங்கள் வீடு. ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி, வாய்க்கால் தண்ணீரில் நெல் விதைத்த முதல் ஆட்களில் ஒருவர். அக்காவின் பெயர் பவளம். அந்த வட்டாரத்தில் பவளத்தின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம், சத்தம் தெரியாதவர்கள் இல்லை. வயலில் நின்று அவர் ஒரு கூ வைத்தால் கிளி எழும்பும், காட்டுப்பன்றி திரும்பும், மூன்றாம் வாய்க்காலில் சைக்கிளில் போகிறவர் இறங்கி நின்று என்னவென்று கேட்பார்.

அப்படிப்பட்ட அக்காவுக்கு, பெண் பார்க்க ஆட்கள் வந்தால் மட்டும் குரல் போய்விடும். தொண்டையில் நோவில்லை, காய்ச்சல் இல்லை. வந்தவர்கள் கதிரையில் இருந்து பலகாரம் சாப்பிடும்வரை குரல் நன்றாகத்தான் இருக்கும். பிறகு பார்த்தால் வாய் அசையும், காற்று மட்டும் வரும். அவர்கள் பாதையில் ஏறிப் போனதும் குரல் திரும்பிவிடும். "அந்தாளின்ரை மீசையைப் பாத்தியளோ!" என்று குசினிக்குள் இருந்து அவர் சிரிப்பது பாதைவரை கேட்டு, போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்ததும் உண்டு.

பரியாரி திப்பிலியைத் தேனில் குழைத்துக் கொடுத்தார். ஐயர் நூல் கட்டினார். முல்லைத்தீவிலிருந்து துணி விற்க வரும் காதர் நானா முட்டைக் கோப்பி குடிக்கச் சொன்னார். அக்கா தேனையும் கோப்பியையும் விருப்பத்தோடு உட்கொண்டு ஒரு சுற்றுப் பெருத்தார். குரல் விஷயத்தில் மாற்றமில்லை. பவளம் ஊமை என்று ஒரு கதை யாழ்ப்பாணம்வரை போய்விட்டது. இன்னும் ஒன்றிரண்டு இடம் இப்படித் தவறினால் இனிக் கேட்டு வர ஆளில்லை என்று அம்மா அழுதார்.

"நீ டொக்டரெல்லோ. ஏதும் செய்யடா" என்றார் ஐயா.

4

நான் மிஸிஸ் வில்மட்டை நினைக்கவேயில்லை. அடுத்த மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு அவகாசம் குறைவாக இருந்தது. பழக்கி எடுக்கும் முறைதான் சரி என்று படிகளைத் தீர்மானித்தேன்.

முதற்படியாக ஆண்கள் போடும் ஒரு வெள்ளைச் சட்டையைக் கொடியில் தொங்கவிட்டு அக்காவைப் பார்க்கச் சொன்னேன். அக்கா பார்த்துவிட்டு, "கொலர் ஊத்தை" என்று எடுத்துத் தோய்த்துவிட்டார். அடுத்து 'மாப்பிள்ளை' என்ற சொல்லை நான் இடைக்கிடை சொல்ல வேண்டும், அவர் அமைதியாக இருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல அவர் நெல்லுப் புடைத்தார். கடைசிப் படிக்கு உயிருள்ள மாப்பிள்ளை தேவைப்பட்டது. அம்மாவின் தம்பி சின்னத்துரை மாமாவைப் பிடித்தேன். அறுபது வயது, பல் பாதி.

மாமா பட்டுவேட்டி கட்டி, சந்தனப்பொட்டு வைத்து, படலையடியில் நின்று செருமிக்கொண்டு வந்தார். வேடத்தை அவர் எடுத்துக்கொண்ட விதத்தில் எனக்கே பயம் வந்தது.

"வடை கொஞ்சம் கல்லாக் கிடக்கு" என்றார் முதல் நாள்.

"அப்ப கல்லைக் கடிக்கிற பல்லோடை வாறது" என்றார் அக்கா, குரல் கணீரென்று.

"பிள்ளைக்குப் பாட்டு வருமோ?"

"பண்டி கலைக்கிற பாட்டு வரும். பாடட்டோ?"

மாமா ஒவ்வொரு நாளும் பின்னேரம் வந்து மாப்பிள்ளையாக இருந்து தேத்தண்ணி குடித்துப் போனார். மாமி வந்து, இந்த வயதில் இந்த மனுசனுக்கு நான் என்ன பழக்கம் பழக்குகிறேன் என்று சத்தம் போட்டார். நான் அசையவில்லை. அக்கா பூரண சுகம் என்று ஐயாவிடம் அறிவித்தேன்.

உண்மையான மாப்பிள்ளை சாவகச்சேரியிலிருந்து வந்தார். அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கிளார்க், நல்ல சாந்தமான முகம். அவருடைய பெரியப்பா ஐயாவோடு மழை, விதைப்பு, விலைவாசி எல்லாம் கதைத்தார். அக்கா தட்டத்தோடு வந்தார். "இருங்கோ, எடுங்கோ" என்று குரல் நன்றாகவே வந்தது. நான் பெருமையாக மாமாவைப் பார்த்தேன். மாமா பெருமையாக மீசையைத் தடவினார். பெரியப்பா காணியைப் பற்றி ஏதோ கேட்டார், ஐயா ஏதோ சொன்னார். பிறகு மாப்பிள்ளை அக்காவைப் பார்த்து, "நீங்கள் கிளிநொச்சியிலையோ படிச்சனீங்கள்?" என்றார்.

அக்கா வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது.

5

மறுநாள் எனக்கு வெட்கம். புறாவுக்கு வைத்தியம் செய்த ஆள் இப்போது மாமாவுக்கும் செய்துவிட்டேன். வேறு வழியில்லாமல் அந்த வில்மட் மனுசியின் முறைக்கு வந்தேன். வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று முடிவெடுத்தேன்.

எங்கள் ஊரில் அது லேசான காரியமில்லை. நான் பேசாமல் இருப்பதைக் கண்ட அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பக்கத்து வளவுக்காரர் வந்து, எங்கள் வீட்டில் என்ன சண்டை என்று ஐயாவிடம் விசாரித்தார். மாமா, "இவனுக்கும் தொத்திப்போச்சு" என்று சொல்லித் திப்பிலிக்கு ஆள் அனுப்பினார். நான் வயல் பக்கம் தப்பி ஓடினேன்.

அக்கா வரம்பில் இருந்து, வாய்க்காலிலிருந்து தண்ணீர் வயலுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் போய் இருந்தேன்.

"என்னடா, வாய்க்குள்ளை கொழுக்கட்டையோ?"

"ம்" என்றேன்.

அக்கா நண்டு வரம்பில் துளை போடுவதைப் பற்றிச் சொன்னார். மேல் வயல்காரன் தண்ணீர் களவெடுப்பதைச் சொன்னார். என் வாய்க்குள் நாலு யோசனை வந்து முட்டியது, மேல் வயல்காரனுக்கு என்ன செய்யலாம் என்று. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அக்காவும் கதையை நிறுத்திவிட்டார். தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் சத்தமில்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"இந்த வரம்பு நான் கட்டினது" என்றார் அக்கா.

"ம்."

"நீ பெரியம்மா வீட்டிலை நிண்டு படிச்சாய். உனக்குத் தெரியாது. ஐயாவுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வரும். இதிலை நிண்ட பாலைக் கட்டையெல்லாம் நானும் அம்மாவும் கிளப்பினது. நான் வேணுமெண்டு தொண்டையை அடைக்கேல்லையடா. வாற ஆக்களிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை. நேற்று வந்த பொடியனும் நல்ல பொடியன்தான். ஆனா வாறவை எல்லாரும் 'காணி ஆருக்கு?' எண்டு கேக்கினம். ஐயா 'மகனுக்கு' எண்டு சொல்லுறார். அதைக் கேட்டவுடனை எனக்கு இஞ்சை பூட்டிக்கொள்ளுது." தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "நான் ஆற்றையோ கல்வீட்டிலை போய் இருந்து கோழி கலைக்கவோ? நீ லண்டனிலை இருந்து இந்த வரம்பைப் பாப்பியோ?"

கொலனிக் காணியை வெட்டிப் பிரிக்கக் கூடாது, ஒரு பிள்ளையின் பேருக்குத்தான் எழுதலாம் என்பது அரசாங்கச் சட்டம். எல்லாரும் மகன் பேருக்குத்தான் எழுதினார்கள். ஐயாவும் என் பேரை எழுத, நான் வந்து நிற்கிற நாட்களுக்குள் காணிக் கந்தோருக்குப் போக இருந்தார்.

மாமா வடையைப் பற்றிக் கேட்டார், பாட்டைப் பற்றிக் கேட்டார். காணி ஆருக்கு என்று மட்டும் கேட்கவில்லை. அது என் படிகளில் இருக்கவில்லை. அக்காவின் தொண்டையில் இருந்தது மாப்பிள்ளைமார் இல்லை, நான். மிஸிஸ் வில்மட்டின் முறையை அந்த வரம்பில் இருந்துதான் மனமார மதித்தேன். அது இவ்வளவு பொல்லாதது என்று அவர் எனக்குச் சொல்லியிருக்கலாம்.

6

அதற்கு மேல் லேசு. ஐயாவிடம் போய், காணியை அக்காவுக்கு எழுதுங்கோ என்று சொல்ல வேண்டும். ஒரு வசனம்.

ஐயா புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஐயா" என்றேன்.

"சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

நடிப்பில்லை. உண்மையாகவே வரவில்லை. அம்மா ஓடி வந்து முதுகில் தட்டினார். குசினி வாசலில் நின்ற அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "இவனுக்கும் ஆரோ மாப்பிள்ளை பாக்கினமோ?" என்றார். திண்ணையில் இருந்த மாமா வேட்டியை இறுக்கிக்கொண்டு, "நான் வேணுமெண்டால் பொம்பிளையா வந்து இருக்கட்டோ?" என்றார். அவருக்கு அந்தப் பின்னேரத் தேத்தண்ணி போனது பெரிய கவலை.

திப்பிலியும் தேனும் எனக்கும் கிடைத்தன. மற்ற விஷயங்களுக்குக் குரல் வந்தது. சோறு கேட்கலாம், பஸ்ஸை விசாரிக்கலாம். அந்த ஒரு வசனத்துக்கு மட்டும் அடைத்துக்கொண்டது.

கிணற்றடியில் தனியே இருந்து எனக்கு நானே "ம்" சொல்லிப் பார்த்தேன். வந்தது பிடிக்கவில்லை. இங்கிலாந்தில் பனிப்புகாருக்குள் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் நான் அந்த வயலில்தான் நிற்பேன். வாய்க்கால் கரையில் ஒரு வீடு, முன்னுக்கு நாலு தென்னை, மகளுக்கு நல்ல தமிழ். இன்னும் இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவேன் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் வந்த நாள் முதல் சொல்லி வந்திருந்தேன். அந்தக் காணி என் பேரில் இல்லை என்றால் அது பொய். அதுதான் தொண்டையில் நின்றது.

7

பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கா இப்போது கல்யாணம் முடித்து அதே வீட்டில் இருக்கிறார். அதே சாவகச்சேரி கிளார்க்தான். வேலையைக் கிளிநொச்சிக்கு மாற்றிக்கொண்டு எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். பெண் பார்க்க வந்த இடத்தில் அக்கா பேசாமல் இருந்ததால் அமைதியானவர் என்று நம்பிக் கட்டினாராம். இப்போது மூன்றாம் வாய்க்காலில் நின்றே மனைவி என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொள்கிறார்.

இனிக் காணிக் கந்தோர். ஐயா வெள்ளை வேட்டி சால்வையோடு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வாங்குப் பலகையில் அரைநாள் இருந்தோம். ஒருவர் மற்றவரிடம் அனுப்பினார், மற்றவர் சாப்பிடப் போயிருந்தார். கடைசியில் காணி அதிகாரி எங்களை அழைத்தார்.

"ஆற்றை பேருக்கு?"

"மகன்ரை பேருக்கு. இவர்தான், லண்டனிலை டொக்டர்."

"முழுப் பேரைச் சொல்லும்" என்றார் அதிகாரி என்னிடம்.

நான் வாயைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நான் ஊமை என்று பாவப்பட்டு, பேனையைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, என் நெஞ்சைக் காட்டி, காற்றில் எழுதிக் காட்டினார். கந்தோரில் இருந்த மற்றவர்களும் எழும்பி வந்து ஆளுக்கொரு கைச்சாடை செய்தார்கள். ஒருவர் தாலாட்டுவதுபோல ஏதோ காட்டினார், அது என்ன என்று இன்றுவரை தெரியாது.

"அக்காவின்ரை பேரைப் போடுங்கோ" என்றேன். தகரத்தில் ஆணி கீறின சத்தம். ஆனால் வந்துவிட்டது.

ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பொம்பிளைப் பிள்ளைக்கோ?" என்றார் அதிகாரி.

ஐயா அவர்மேல் பாய்ந்தார். "ஓம். எங்கடை வயலிலை பண்டி பயப்பிடுறது அவளின்ரை சத்தத்துக்குத்தான். எழுதும்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஐயா யன்னல் பக்கம் இருந்தார். இரண்டு பக்கமும் காடு போய்க்கொண்டிருந்தது. கன தூரம் வந்த பிறகு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அப்ப நீ வரமாட்டாய்?"

இரண்டு வருடம் என்ற பதில் வழக்கம்போல வாய்வரை வந்தது.

"வரமாட்டன் ஐயா" என்றேன்.

ஐயா சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். புழுதி என்று எனக்குக் காட்டுவதற்காக யன்னலையும் கொஞ்சம் இழுத்து மூடினார்.

"சரி. அவளெண்டாலும் கூப்பிட்டால் கேக்கிற தூரத்திலை இருக்கட்டும்" என்றார்.

பஸ் நிற்கும்வரை நான் ஒன்றும் கதைக்கவில்லை. அது தொழில் முறை இல்லை.